நடக்காததற்கு ஓர் ஒத்திகை

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கரையோர நகரமான கமாய்ஷி குலுங்கத் தொடங்கியது. நகரின் உனோசுமாய் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஒரு தொடக்கப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. மின்சாரம் போய்விட்டதால் ஒலிபெருக்கியில் எந்த அறிவிப்பும் வரவில்லை. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அறிவிப்புக்குக் காத்திருக்கவும் இல்லை. மேட்டை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் தங்கள் கட்டடத்தின் மூன்றாவது தளத்துக்கு ஏறியிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததும் அவர்களும் இறங்கி ஓடினார்கள்.

ஏற்கெனவே குறித்து வைத்திருந்த ஒதுங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பின்னாலிருந்த மலைச்சரிவு இடிந்து விழுவது தெரிந்தது. இங்கே நிற்கக் கூடாது என்று இன்னும் மேலே போனார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது இடத்திலும் நிற்காமல் அதற்கும் மேலே ஏறினார்கள். முதலில் நின்ற இடம் பிறகு சுனாமி அலையில் மூழ்கியது. பள்ளிக் கட்டடத்தில் தண்ணீர் மூன்றாவது தளம் வரை ஏறியது. அந்தப் பிள்ளைகள் ஏறத்தாழ 600 பேர். நகரம் முழுவதிலுமாகத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 3,000 பேர் இருந்தார்கள், அவர்களில் 99.8 விழுக்காட்டினர் உயிர் பிழைத்தார்கள். அதே கமாய்ஷியில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

உலகப் பத்திரிகைகள் இதைக் கமாய்ஷி அதிசயம் என்று எழுதின. அப்படிச் சொல்வது அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும். அன்று அவர்கள் செய்ததையெல்லாம் அதற்கு முன் பல ஆண்டுகள் மனத்திலும் காலிலும் பழகி வைத்திருந்தார்கள்.

பழக்கியவர் குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிதாகா கதாதா. அவர் கமாய்ஷிக்கு வந்தபோது, ஊரே கடலில் எழும்பிக்கொண்டிருந்த அலைத்தடுப்புச் சுவரை நம்பியிருந்தது. மூன்று பத்தாண்டு வேலைக்குப் பிறகு 2009-ல் முடிந்த அந்தச் சுவர் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்து நின்றது; கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தது. அதற்குப் பிறகு யாருக்குப் பயம் வரும்? கதாதா பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். வீட்டில் நீ தனியாக இருக்கிறாய், பெரிய நிலநடுக்கம் வருகிறது, என்ன செய்வாய்? அம்மாவுக்குப் போன் செய்வேன், அப்பா அம்மா வரும்வரை காத்திருப்பேன் என்றே பலர் எழுதினார்கள். அந்தத் தாள்களைப் பெற்றோரிடம் காட்டும்படி சொன்னார். இந்தப் பதிலை எழுதிய உங்கள் பிள்ளை பிழைக்குமா என்று பெற்றோரைக் கேட்டார்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. பெற்றோர் முதன்முறையாக அந்த நாளை மனக்கண்ணால் பார்த்தார்கள். சுனாமி என்ற பொதுவான ஆபத்து போய், தங்கள் மகள் தங்கள் கூடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் காட்சி வந்தது.

கதாதா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவை மூன்று. முன்கூட்டிய கணிப்புகளை நம்பாதே. அந்தந்த நேரத்தில் உன்னால் முடிந்த அதிகபட்சத்தைச் செய். முதல் ஆளாக நீ ஓடு. முதலாவதுதான் மிகக் கடினமானது, ஏனென்றால் அதைச் சொல்வதற்கு ஓர் ஆசிரியர் அரசாங்க வரைபடத்தையே கையில் எடுத்து இது தவறாக இருக்கலாம் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த வரைபடத்தின்படி உனோசுமாயின் இரண்டு பள்ளிகளும் அலை வந்து சேராத பகுதியில் இருந்தன. வரைபடத்தை நம்பியிருந்தால் பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்திருப்பார்கள்.

அதே நாள், அதே கடல், தெற்கே மியாகி மாநிலத்தின் இஷினோமாகி. அங்கே ஒகாவா தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே சுமார் 50 நிமிடங்கள் இருந்தன. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. ஆனால் எங்கே போவது என்று பள்ளியின் பேரிடர்க் கையேட்டில் தெளிவில்லை. காலி நிலம், பூங்கா என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தது. ஆசிரியர்கள் பேசி ஒரு முடிவுக்கு வருவதற்குள் நேரம் போய்விட்டது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள். பெற்றோர் தொடுத்த வழக்கில் 2018-ல் செண்டாய் உயர் நீதிமன்றம் நகர, மாநில நிர்வாகங்களைப் பொறுப்பாக்கியது. பேரிடர் வருவதற்கு முன்பே பள்ளி தயாராகாமல் இருந்ததுதான் பிழை என்றது அந்தத் தீர்ப்பு. மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது. இனி வரக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்க்கத் தவறுவதை நீதிமன்றம் ஒரு கடமைத் தவறாகவே கண்டது என்பதைப் பள்ளி நடத்துபவர்கள் எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உனோசுமாயிலேயே இன்னொரு கதை இருக்கிறது. சொல்வதற்கு வலிக்கும் கதை. அங்கே பேரிடர்த் தடுப்பு மையம் என்று ஒரு கட்டடம். சுனாமிக்கு ஒதுங்குமிடமாக அது அறிவிக்கப்பட்டதில்லை. உண்மையான ஒதுங்குமிடம் மேட்டில், முதியவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால், ஒத்திகைகளை வசதிக்காக இந்த மையத்தில் நடத்தினார்கள். நிலநடுக்கம் வந்ததும் மக்கள் பழகிய இடத்துக்கே ஓடி வந்தார்கள். அங்கே இறந்தவர்கள் 160 பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஒத்திகை பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். உடம்பு பழகியதைத்தான் செய்யும். தவறான இடத்துக்குப் பழக்கினால் தவறான இடத்துக்கே போகும்.

எதிர்காலத்தை மனத்தில் பார்ப்பது என்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது? இதற்கான முதல் துப்பு கனடாவில், ஒரு விபத்திலிருந்து கிடைத்தது. 1981-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் காயம்பட்ட கென்ட் காக்ரேன் என்பவர், கே.சி. என்ற எழுத்துகளால் மருத்துவ நூல்களில் அறியப்பட்டவர். அவருக்குச் சதுரங்கம் ஆடத் தெரியும், வாசிக்கத் தெரியும், பொது அறிவு அப்படியே இருந்தது. ஆனால் தன் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட, நடந்தபடி நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. டொரான்டோவின் உளவியலாளர் எண்டெல் டல்விங் அவரிடம் நாளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. நேற்றை நினைக்கும்போது இருக்கும் வெறுமைதான் நாளையை நினைக்கும்போதும் இருந்தது.

2007-ல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் எலினார் மக்வையரும் மற்றவர்களும் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். (இதே ஹசாபிஸ்தான் பிறகு செயற்கை நுண்ணறிவுக்குப் போய் 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி பழுதாகி நினைவிழந்தவர்களிடம், ஓர் அழகான கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்குத் துண்டு துண்டாக ஏதோ வந்தது. கண்முன் விரியும் ஒரே இடமாக அது சேரவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் டோனா ராஸ் ஆடிஸ், டேனியல் ஷாக்டர் குழுவின் மூளைப் படங்கள், நடந்ததை நினைக்கும்போதும் நடக்கப்போவதை எண்ணும்போதும் பெரும்பாலும் ஒரே பகுதிகள் இயங்குவதைக் காட்டின.

ஆக, நினைவு என்பது பழையதைப் பாதுகாத்து வைக்கும் அலமாரி மட்டும் அல்ல. வரப்போவதைக் கட்டுவதற்கான கல்லும் மண்ணும் அங்கிருந்துதான் வருகின்றன. நினைவு சற்றே நழுவக்கூடியதாக, கலைத்து அடுக்கக்கூடியதாக இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார் ஷாக்டர்.

இந்த ஆய்வுகளையெல்லாம் அறியாமலே இதை வாழ்ந்து காட்டிய ஒரு தீவு உண்டு. சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெலுவே. 1907-ல் அங்கே பெரும் அலை வந்து ஏராளமானவர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயர் வைத்து, பாட்டிகளின் கதையிலும் தாலாட்டிலும் சேர்த்துவிட்டார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. அவ்வளவுதான் செய்தி. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு வெகு அருகில் இருந்த ஊர்கள் அவை. அலை வரச் சில நிமிடங்களே இருந்தன. எந்த எச்சரிக்கைக் கருவியும் இல்லை. ஸ்மோங் என்று கத்திக்கொண்டே மக்கள் மலை ஏறினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர்.

97 ஆண்டு இடைவெளி. முதல் அலையை நேரில் பார்த்த பெரும்பாலோர் அப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் அந்த நினைவு நாளையின் வடிவத்தில் கைமாற்றப்பட்டிருந்தது.

அதே காலை, வங்கக் கடலின் இந்தப் பக்கம் நம் கரையில் அப்படி ஒரு நினைவு இல்லை. கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். ஆனால் புதுச்சேரிக்கு அருகில் நல்லவாடு என்ற மீனவ ஊர் தப்பியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அலையின் உயரம் எவ்வளவு என்று மீனவர்களுக்கு அன்றாடம் சொல்ல வைத்தது. அதில் எச்சரிக்கை ஒலித்தது. 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் விலகினார்கள். படகுகளும் வீடுகளும் போயின, மனிதர்கள் இருந்தார்கள். நல்லவாட்டுக் கதையில் எல்லோரும் போன் அழைப்பைச் சொல்வார்கள். ஒலிபெருக்கியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில் வரும் குரலைக் கடல் சேதியாகக் கேட்டு அதன்படி நடக்கும் பழக்கம் அந்த ஊருக்கு முன்பே இருந்தது.

ஒத்திகையில் தோற்றுப்போவதன் அருமையை அறிந்தவர்கள் நாசாவின் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையினர். அப்பல்லோ பயணங்களுக்கு முன் அங்கே பாவனைப் பயிற்சிகள் நடக்கும். அவற்றை அமைப்பவர்களின் வேலையே, அறையில் இருப்பவர்கள் யாரும் எதிர்பாராத கோளாறுகளை நுழைப்பதுதான். அப்பல்லோ 11 கிளம்புவதற்குச் சில நாட்களே இருந்தபோது, ரிச்சர்ட் கூஸ் என்ற பயிற்சி மேற்பார்வையாளர், நிலவில் இறங்கும் கட்டத்தில் கணினி எச்சரிக்கை ஒன்றை நுழைத்தார். வழிகாட்டுக் கணினிக்குப் பொறுப்பான 26 வயது ஸ்டீவ் பேல்ஸுக்கு அந்த எண் புரியவில்லை. இறங்குவதைக் கைவிடச் சொன்னார். பயிற்சி முடிந்ததும், அது தவறான முடிவு, இறங்கியிருக்கலாம் என்றார் கூஸ். கட்டுப்பாட்டு இயக்குநர் ஜீன் கிராண்ஸ் அதோடு விடவில்லை; வரக்கூடிய எல்லா எச்சரிக்கை எண்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று எழுதச் சொன்னார். ஜாக் கார்மன் என்ற 24 வயது பொறியாளர் கைப்பட ஒரு பட்டியல் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கணினியில் 1202 என்ற எண் மின்னியது. ஆம்ஸ்ட்ராங் விளக்கம் கேட்டார். கார்மன் பட்டியலைப் பார்த்தார். அது தொடர்ந்து வராதவரை இறங்கலாம் என்று பேல்ஸிடம் சொன்னார். சில நொடிகளில் பேல்ஸின் அனுமதி கிடைத்தது. ஆம்ஸ்ட்ராங்கின் குளிர்ந்த மனத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தக் கைப்பட்டியலைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. கூஸ் அந்தக் கோளாறைப் பயிற்சியில் நுழைக்காமல் இருந்திருந்தால், நிஜ நாளில் பேல்ஸ் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

தனி மனிதர்களைவிட நிறுவனங்களைப் பழக்குவது கடினம். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1970-களின் தொடக்கத்தில் இதில் இறங்கினார். எண்ணெய் மலிவாகவே, தாராளமாகவே கிடைக்கும் என்று தொழிலே நம்பியிருந்த காலம். வாக்கின் குழு எதிர்காலம் பற்றி ஒரே ஒரு கணிப்பைத் தராமல், நடக்கக்கூடிய பல உலகங்களைக் கதைகளாக விரித்துக் காட்டியது. மேலாளர்கள் கேட்டார்கள், ரசித்தார்கள், பழையபடியே நடந்துகொண்டார்கள்.

அதன்பின் வாக் செய்தது அழகான காரியம். அவர்கள் நம்பிய சொகுசான எதிர்காலத்தையே எடுத்து, இது நடக்க வேண்டுமென்றால் எவையெல்லாம் உண்மையாக வேண்டும் என்று காட்டினார். புதிய எண்ணெய் வயல்கள் எதிர்பாராத அளவில் கிடைக்க வேண்டும். உற்பத்தி நாடுகள் தங்கள் வளத்தை மற்றவர் விருப்பத்துக்கு மகிழ்ச்சியோடு தீர்த்துக்கொடுக்க வேண்டும். போரோ விபத்தோ எதுவும் குறுக்கிடக் கூடாது. மூன்று அற்புதங்கள், மூன்றும் ஒரே நேரத்தில். அதைப் பார்த்த பிறகு பழைய நம்பிக்கையோடு எப்படி உட்கார்ந்திருப்பது? 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த விலை 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. மற்ற பெரிய நிறுவனங்கள் திகைத்து நின்றபோது ஷெல் வேகமாகத் திரும்பியது. வாக் தேதியைச் சொன்னவர் அல்லர். அந்த உலகத்தைத் தன் மேலாளர்களுக்கு முன்பே அறிமுகம் செய்து வைத்தவர்.

கற்பனை செய்துவிட்டுக் கோப்பில் வைத்தவர்களும் உண்டு. 2004 ஜூலையில் அமெரிக்காவின் லூயிசியானாவில் அதிகாரிகள் கூடி, பாம் என்று பெயரிட்ட கற்பனைப் புயலை வைத்து ஐந்து நாள் பயிற்சி நடத்தினார்கள். நியூ ஆர்லியன்ஸ் மூழ்கும் என்றும் பல்லாயிரம் பேர் இறக்கக்கூடும் என்றும் அந்தப் பயிற்சியே சொன்னது. தொடர் கூட்டங்கள் பணம் இல்லையென்று தள்ளிப்போயின. 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வண்டி இல்லாதவர்களை யார் வெளியேற்றுவது என்ற கேள்விக்கு அப்போதும் பதில் தயாராக இல்லை.

இனி, நம் புத்தகக் கடைகளில் அதிகம் விற்கும் ஓர் அறிவுரையைப் பற்றிப் பேச வேண்டும். வெற்றியை மனத்தில் பார், அது வந்து சேரும் என்கிறது அது. ஜெர்மனியில் பிறந்த உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் இதைச் சோதித்தார். 1991-ல் வெளியான ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களை ஓராண்டு கவனித்தார். மெலிந்த உடலோடு தோழிகள் முன் நிற்பதாக இனிமையாகக் கனவு கண்டவர்கள், அப்படிக் காணாதவர்களைவிட ஏறத்தாழ 11 கிலோ குறைவாகவே எடை இழந்திருந்தார்கள். அடைந்துவிட்ட சுகத்தை மனம் முன்கூட்டியே அனுபவித்துவிட்டால் உழைப்பதற்கான உந்துதல் தளர்ந்துபோகிறது என்பது அவர் விளக்கம். அவர் சொல்லும் வழி, விரும்பியதை நினைத்த கையோடு அதற்குக் குறுக்கே நிற்பதையும் நினைப்பது. அவருடைய கணவரும் உளவியலாளருமான பீட்டர் கோல்விட்சர் அதற்கு அடுத்த படியைச் சொன்னார்: இது நடந்தால் நான் இதைச் செய்வேன் என்று நேரமும் இடமும் சேர்த்து முன்பே முடிவு செய்துகொள்வது. இனிய கனவை விற்பவர்களை நம்பிப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்கு இந்த ஆய்வுகளை யாராவது எடுத்துச் சொன்னால் பெரிய உதவி.

அலுவலகங்களுக்கு ஏற்ற பயிற்சி ஒன்றை கேரி கிளைன் தந்திருக்கிறார். தீயணைப்பு வீரர்கள் நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் அவர். ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன், எல்லோரும் உட்கார்ந்து, இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். தோல்வி அடையலாம் என்று அல்ல, அடைந்தே விட்டது என்று. பிறகு ஒவ்வொருவரும் ஏன் என்று தனித்தனியே எழுத வேண்டும். நடந்தது உறுதி என்று சொல்லிக் கேட்கும்போது மனிதர்கள் கூடுதல் காரணங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று 1989-ல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. இன்னொரு நன்மையும் உண்டு. மேலதிகாரி முன் சந்தேகத்தைச் சொன்னால் அபசகுனம் பேசுகிறான் என்று பெயர் வாங்கும் ஊழியருக்கு, இங்கே அதைச் சொல்வதே வேலையாகிவிடுகிறது.

அந்த அபசகுனப் பயம்தான் நம் வீடுகளில் பெரிய தடை. கெட்டதைப் பேசினால் நடந்துவிடும் என்று வாயை மூடச் சொல்கிறோம். சிமெலுவேயின் பாட்டிகள் பெரும் அலையைத் தாலாட்டிலேயே வைத்துப் பாடினார்கள். அதனால்தான் பேரப்பிள்ளைகள் பிழைத்தார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையின் வீடுகளுக்குள் புகுந்தபோது மின்சாரம் போனது, செல்போன்கள் செத்தன, முதல் தளத்துக்கு யாரை முதலில் தூக்குவது என்று இருட்டில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த இரவை வாழ்ந்த குடும்பங்களிடம் அந்த நினைவு இருக்கிறது. அதை அடுத்த மழைக்கான ஒத்திகையாக மாற்றிய வீடுகள் எத்தனை இருக்கும்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்காருங்கள். இரவு இரண்டு மணி, முழங்கால் அளவு தண்ணீர், போன் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு என்ன வேலை என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். பாட்டியின் மாத்திரை எங்கே, பத்திரங்கள் எங்கே, பிரிந்துபோனால் எங்கே கூடுவது என்று கேளுங்கள். பிறகு அந்த இடம் வரை எல்லோரும் ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். வழியில் பாலமோ சுரங்கப்பாதையோ இருந்தால், அது இல்லாமல் போகிற இன்னொரு வழியையும் அன்றே நடந்து பார்த்துவிடுங்கள்.